விரல் நீள மீனும் கார் நிறுத்துமிடமும்

மீன் பிடிக்கிறவனுக்கு ஊரில் மரியாதை உண்டு. மீனைப் பிடித்து, அளந்து, மறுபடியும் தண்ணீரிலேயே விடுகிறவளை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், பிறை ஊரில் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு இந்தக் கடல் ஆய்வுக் குழுவில் சேர்ந்தபோது எனக்கு அது தெரியாது. முழங்கால் சேற்றில் செருப்பைத் தொலைத்த சக ஊழியர்களே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சுங்கை பினாங்கில் நான் குடியிருக்கும் பிளாட்டுக்குப் பின்னால், கடல் வற்றினால் தெரிகிற ஒரு சேற்றுத் திட்டு இருக்கிறது. அதில் கடற்புல். மீன் குஞ்சுகள் அந்தப் புல்லுக்குள் வளர்கின்றன என்று அரசாங்க ஆபீசரிடம் காட்டிவிட்டால் இடம் பாதுகாப்புப் பட்டியலில் சேரும். காட்டாவிட்டால் மண்ணைக் கொட்டிக் கார் நிறுத்துமிடம். பிளாட்டில் பாதிப் பேருக்கு வேண்டியது இரண்டாவதுதான். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் ஒரு கார் இருக்கிறது, அதை நிறுத்தத் தினமும் மூன்று சுற்று சுற்றுகிறேன்.

லிஃப்டில் விசாரணை

முதல் நாள் வேலை முடிந்து சேறும் சகதியுமாக லிஃப்டில் ஏறினேன். உள்ளே சரோஜா அக்கா. எங்கள் பிளாட் குடியிருப்போர் சங்கத் தலைவி. மூக்கைப் பொத்திக்கொண்டு, "எத்தன கிலோ கெடச்சிச்சு?" என்றார். ஒன்றும் இல்லை, எல்லாம் விரல் நீளம், அளந்துவிட்டு விட்டுவிட்டேன் என்றேன். ஏழாவது மாடி வரை என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது சொன்னார்: "டிகிரி படிச்சிட்டு மீன அளந்து விடறியா? ஒங்கம்மாகிட்ட நீயே சொல்றியா, இல்ல நான் சொல்லவா?"

பெரிய மீன்

எங்களுக்குப் படகு ஓட்டுகிறவர் ஆறுமுகம் அண்ணன். அந்தத் திட்டைச் சுற்றித்தான் இறாலுக்கு வலை போட்டுப் பிழைக்கிறார். புல் போனால் இறால் போகும், அப்புறம் அவர் படகைக் கட்டிப் போட வேண்டியதுதான். ஆகையால் என் வலையில் என்ன விழுகிறது என்று என்னைவிட அவருக்குத்தான் கவலை. வாரா வாரம் விரல் நீளக் குஞ்சுகளே வருவதைப் பார்த்து மனிதர் நொந்துபோனார்.

ஒரு நாள் வலையைத் தூக்கினால் உள்ளே முழங்கை நீளத்தில் ஒரு சியாக்காப், அதாவது கொடுவா மீன். அவசரமாகக் குறிப்பேட்டைத் திறந்தேன். அளவுகோலை வைத்தபோதுதான் மீன் ஐஸாகச் சில்லிட்டிருப்பது தெரிந்தது. திருப்பினேன். செதில் இல்லை. வயிறு கீறிக் குடலெல்லாம் எடுத்துச் சுத்தமாக இருந்தது. நான் அண்ணனைப் பார்த்தேன், அண்ணன் வானத்தைப் பார்த்தார். எனக்கு வேண்டியது குஞ்சுதான், பெரிய மீன் இல்லை என்று நூறாவது தடவையாக விளக்கினேன். அவருக்கு மனசு ஆறவில்லை. "இத்துணூண்டு மீனக் காட்டுனா ஆபீசர் மதிப்பாரா தங்கச்சி? நம்ம எடம்னா ஒரு கௌரவம் வேணாமா? பாசார் மீன்கடைல இருந்ததுலயே பெருசு இதான்லா."

ஆபீசர் வருகிறார்

சனிக்கிழமை காலை இடத்தைப் பார்க்க ஆபீசர் வருவதாகத் தகவல் வந்தது. நான் செய்த ஒரே தப்பு, அதைச் சரோஜா அக்காவிடம் சொன்னது. எங்கள் பக்கத்தில் பெரிய ஆள் யாராவது வருகிறார் என்றால் கோத்தோங் ரோயோங் நடக்கும். எல்லோரும் சேர்ந்து இறங்கிக் கூட்டிப் பெருக்கி இடத்தைக் கழுவிவிட்டாற்போல் ஆக்கிவிடுவார்கள். இது எனக்குத் தெரியாதா? தெரியும். மறந்துவிட்டேன், புத்தி கெட்டவள்.

ஃபெர்ரி இறங்கிய ஆபீசரை அழைத்துக்கொண்டு வந்தால், திட்டில் பாதி மொட்டை. பல மாத வேலை, ஆறுமுகம் அண்ணன் பிழைப்பு, எல்லாம் போயிற்று என்று அழுகையே வந்துவிட்டது. முழங்கால் வரை சேறோடு, முகமெல்லாம் சிரிப்பாக அக்கா வந்தார். கார் நிறுத்துமிடம் வேண்டும் என்றவர்தான், ஆனாலும் வருகிற ஆபீசர் முன்னால் பிளாட்டின் மானம் போகக் கூடாது. "காடு மாதிரி கெடந்திச்சு, நாங்களே புடுங்கிப் போட்டுட்டோம். பாரு, எவ்ளோ கிளீனு!"

அலசிய புல்

ஆபீசர் ஒரு மலாய்க்கார அம்மா. பிடுங்கிய புல் எங்கே என்று மட்டும் கேட்டார். சேறு ஒழுகினால் குப்பை லாரிக்காரன் எடுக்க மாட்டான் என்று, அக்கா எல்லாப் புல்லையும் கடல் தண்ணீரில் அலசிப் பைகளில் கட்டியிருந்தார். அலசிய வாளிகள் வரிசையாக நின்றன. அந்த அம்மா குந்தி உட்கார்ந்து ஒரு வாளிக்குள் பார்த்தார். அடுத்த வாளி. அதற்கடுத்த வாளி. ஒவ்வொன்றிலும் மீன் குஞ்சும் இறால் குஞ்சுமாக மொய்த்தன. ஒன்றில் சுண்டுவிரல் அளவில் ஒரு கடல்குதிரை. என் வலை பல மாதமாகச் சொல்லத் திணறியதை அக்காவின் வாளிகள் ஒரே காலையில் சொல்லிவிட்டன. ஆறுமுகம் அண்ணன் பால்குடம் எடுப்பவர் மாதிரி ஒவ்வொரு வாளியாகத் தூக்கிக்கொண்டு போய், மிச்சமிருந்த புல் ஓரமாக ஊற்றினார். மீதிப் பாதி போதும், புல் மறுபடி பரவும், ஆனால் இனி இங்கே யாரும் சுத்தம் செய்யக் கூடாது என்று எழுதிக்கொண்டு போனார் அந்த அம்மா.

அடுத்த மாதம் கடிதம் வந்தது. திட்டு பட்டியலில் சேர்ந்துவிட்டது. லிஃப்டில் அக்காவிடம் படித்துக் காட்டினேன். கடிதத்தை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "மீனுக்கெல்லாம் எடம் கெடச்சிருச்சி. எம் மவன் காரை எங்க விடுவான்னு அந்தம்மாகிட்ட கேட்டியா?"

இன்று சாயங்காலம் எனக்கு நான்காவது சுற்றில்தான் இடம் கிடைத்தது, பின்னால் புல்லுக்குள் இருப்பவை ஒரு சுற்றும் சுற்றாமல் நிம்மதியாக இருக்கின்றன.