மலை இல்லாத ஊரில் மலை சைக்கிள்

வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன், என் சர்க்கரையைக் குறைக்க ஒரு சைக்கிள் வாங்கி அனுப்பினான். மலையேறும் சைக்கிளாம். காரைக்குடியில் மலைக்கு எங்கே போவது? மேற்கே போனால் இரண்டு குன்றுகள் உண்டு. ஒன்றின் உச்சியில் முருகன், இன்னொன்றைக் குடைந்த இடத்தில் பிள்ளையார். இரண்டிலும் சைக்கிளுக்கு இடமில்லை.

கைப்பிடியின் இரண்டு பக்கமும் கியர். எதை எப்போது மாற்றுவது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஏற்றத்தில் மாற்றினால் செயின் கழன்றுவிடும், இறக்கத்தில் மாற்றினால் கால் வெறுமனே சுற்றும். தேவகோட்டைச் சாலையில் ஒருநாள் ஓட்டிப் பார்த்தேன். பஸ்காரர்கள் ஹாரன் அடித்தே என்னை மண்ணில் இறக்கிவிட்டார்கள். நாச்சியாபுரம் பக்கம் தைல மரக் காட்டுக்குள் செம்மண் தடம் அருமையாகத்தான் இருந்தது. ஆனால் எல்லாத் தடமும் ஒரே மாதிரி. ஒரு கண்மாய்க் கரையைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் வீடு திரும்பும் மாடுகளின் பின்னால் போய் வெளியே வந்தேன்.

அதனால் ஞாயிறுதோறும் காலையில் குன்றக்குடி வழியாகப் பிள்ளையார்பட்டி என்று வைத்துக்கொண்டேன். கோயிலுக்குள் போனதில்லை. வியர்வை நாற்றத்தோடு எப்படிப் போவது? வாசல் பக்கத்து டீக்கடையில் சர்க்கரையில்லாமல் ஒரு டீ, அப்படியே திரும்பிவிடுவேன்.

எங்கள் பக்கம் வயதான ஆள் சும்மா சைக்கிள் மிதிப்பதை யாரும் நம்ப மாட்டார்கள். டீக்கடைக்காரர் முதல் வாரம், “ஏண்ணே, பஸ்ஸு ஓடலையா?” என்றார். அடுத்த வாரம், “வண்டி ரிப்பேரா?” என்றார். சும்மாதான் வந்தேன் என்றால் இன்னும் சந்தேகமாகப் பார்த்தார். ஒருநாள் அவரே முடிவுக்கு வந்துவிட்டார்.

“என்னண்ணே வேண்டுதல்?”

எனக்கு மூச்சு வாங்கியது. பதிலுக்குச் சிரித்து வைத்தேன். அவர் பதறிப்போய், “சொல்லாதீக, சொல்லாதீக. வெளிய சொன்னா பலிக்காது” என்றார்.

அதன்பின் ஒரு கேள்வியும் இல்லை. பாதயாத்திரைக்காரர்கள்கூட ஒதுங்கி வழிவிட்டார்கள். எனக்கும் அது வசதியாக இருந்தது.

ஒரு ஞாயிறு வீட்டுக்கு வந்தால் அடுப்புப் பற்றவைக்கவில்லை. மனைவி அடுக்களையில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

“உங்களுக்கு எப்பத் தெரியும்?” என்றாள்.

“என்னது?”

“நடிக்காதீக. கோயிலுக்குப் போன எங்க அக்காட்ட டீக்கடைக்காரரு சொல்லிருக்காரு. வேண்டுதல் வச்சு வாராவாரம் மிதிக்கிறீகளாமே. நான் ஒருத்தருக்கும் சொல்லலையே, உங்களுக்கு எப்புடித் தெரிஞ்சுச்சு?”

அவள் என் கையைப் பிடித்துத் தன் இடது மார்பில் வைத்தாள். நிலக்கடலை அளவுக்கு ஒரு கட்டி. “அம்மாவுக்கும் இப்புடித்தான் ஆரம்பிச்சுச்சு” என்றாள். அவள் அம்மா அதில்தான் போனார். அந்தப் பயத்தில் மாதக்கணக்காக வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள். எனக்கு முதலில் வந்தது கோபம். அவள் மேலா, பக்கத்திலேயே படுத்துக்கிடந்தும் தெரியாத என் மேலா, தெரியவில்லை. பயம் பிறகு வந்தது, வந்தது போகவில்லை.

மறுநாளே மதுரைக்குப் போனோம். கட்டியில் ஊசி குத்திச் சோதனைக்குக் கொஞ்சம் சதை எடுத்துக்கொண்டு, முடிவு வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். திரும்பும்போது பஸ்ஸில் மனசு கேட்காமல் உண்மையைச் சொன்னேன். “சத்தியமா நான் எந்த வேண்டுதலும் வைக்கல. சர்க்கரைக்குத்தான் மிதிச்சேன்.”

அவள் என் வாயைப் பொத்தினாள். “வெளிய சொல்லக்கூடாதுன்னு மறைக்கிறீக. எனக்குத் தெரியாதா? விடுங்க.”

இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல அவளுக்கு நம்பிக்கை கூடிக்கொண்டே போனது. வேண்டுதல் இருந்தாலும் இல்லை என்றுதானே சொல்வார்கள்? திருப்பத்தூர் வருவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எழுப்பி வாதம் செய்ய எனக்கு மனசு வரவில்லை.

அந்த ஞாயிறு சைக்கிளைத் தொடவே பிடிக்கவில்லை. அவள்தான் தண்ணீர் பாட்டிலை நிரப்பி வெளியே தள்ளி நிறுத்தினாள். “கெளம்புங்க. நடுவுல விடக்கூடாது.”

குன்றக்குடி ஏற்றத்தில் வழக்கம்போல் செயின் கழன்றது. கறுத்த கையோடு டீக்கடையில் போய் நின்றேன். பாதயாத்திரை வந்த ஒருவர், “என்ன வேண்டுதல் சாமி?” என்றார். சும்மா என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை.

“கேக்காதீக. அவரு சொல்ல மாட்டாரு” என்றார் டீக்கடைக்காரர்.

டீயை அப்படியே வைத்துவிட்டுக் கையைக் கழுவினேன். ஹெல்மெட்டை அவரிடம் கொடுத்துவிட்டு, வியர்வையோடு வியர்வையாக உள்ளே போனேன். பிள்ளையாருக்கு முன்னால் நின்றால் எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. எல்லோரும் இத்தனை வாரம் நான் கேட்டதாக நம்பியதை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். முன்னே சும்மா மிதித்ததையும் இதிலேயே சேர்த்துக்கொள்ளப்பா என்றேன்.

மறுநாள் மதுரையிலிருந்து போன் வந்தது. கெட்ட கட்டி இல்லை, பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். இருவரும் அடுக்களையில் நின்று அழுதோம்.

அடுத்த ஞாயிறு பார்த்தால் அவளே டயருக்குக் காற்றடித்து வைத்திருந்தாள். “இன்னும் எத்தன வாரம் மிதிக்கணும்?” என்று தெரியாமல்தான் கேட்டேன்.

“வேண்டிக்கிட்டது நீங்க. என்னையக் கேட்டா?” என்றாள்.