கோட்டையிலிருந்து வர வேண்டியவள்

என் அக்கா, சிறுவர்களுக்குச் சரித்திரக் கதை எழுதுகிறவள். அரசன் காலில் ஒரு செருப்பு தப்பாக வந்துவிட்டால்கூட அவளுக்குத் தூக்கம் வராது. அதற்காக நூலகத்தில் தவம் கிடப்பாள். எழுதியதைத் திருத்துவது அத்தான், சரித்திர வாத்தியார். சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டால் பெண்டாட்டி என்றும் பார்க்க மாட்டார்.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. முற்றுகைக்குள் சிக்கிய கோட்டையில் சேதி கொண்டு ஓடும் ஒரு சிறுமியை அக்கா கதையில் உண்டாக்கியதிலிருந்து வீட்டில் அவள் பேச்சுதான். "நம்ம வாயாடி இன்னைக்கு என்ன பண்ணினா?" என்று கேட்டுக்கொண்டேதான் அத்தான் பள்ளியிலிருந்து வருவார். கடைசி அத்தியாயத்தில் அவளைக் காப்பாற்ற அக்காவுக்கு ஆசை. அத்தான் விடவில்லை.

"அந்தக் கோட்டையில ஒருத்தரும் பிழைக்கல. பிள்ளைங்ககிட்ட பொய் சொல்லாதே."

வாயாடி செத்தாள். புத்தகத்துக்குப் பரிசு கிடைத்தது.

இப்போது அத்தானுக்கு நினைவு தப்பிக்கொண்டே வருகிறது. என்னையே யாரென்று கேட்கிறார். அந்தச் சிறுமியை மட்டும் மறக்கவில்லை, பெற்ற மகள் என்றே நம்புகிறார். தினமும் அந்தப் புத்தகத்தை எடுப்பார். கடைசிப் பக்கம் வந்ததும், சாவுச் சேதி அப்போதுதான் வந்ததுபோலத் தேம்பித் தேம்பி அழுவார்.

அக்கா கடைசி அத்தியாயத்தைப் புதிதாக எழுதி, அச்செடுத்து, அவருடைய பிரதியில் பழைய பக்கங்களின் மேல் ஒட்டினாள். அதில் சிறுமி தப்பித்து வீட்டுக்குக் கிளம்புகிறாள்.

"சரித்திரத்துக்கே டிமிக்கி கொடுத்துட்டியே!" என்று சீண்டினேன். அவள் சிரிக்கவில்லை.

அழுகை நின்றது. ஆனால் அத்தான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். சாப்பிடக் கூப்பிட்டாலும் வருவதில்லை.

"கிளம்பிட்டாளாமே, இன்னும் காணோமே. வழியில ஏதாவது ஆயிடுச்சா?"

எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளே போய்க் கத்தினேன்.

"ஒட்டினதைக் கிழிச்சுப் போடுக்கா! அழுதுட்டாவது சாப்பிடுவாரு."

"அவர் சொல்லி ஒரு தடவை கொன்னுட்டேன்டி. இன்னொரு தடவை என்னால முடியாது."

இன்னொரு நாற்காலியை இழுத்துப் போய் அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் உடைந்துபோய் அழுதாள். அவர் பதறிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அட, எதுக்கு அழறே? நம்ம பொண்ணு கெட்டிக்காரி. வந்துடுவா."