வட்டக் கண்ணாடியில் வைத்த பொட்டு

அந்த ஆயுத பூஜைக்குச் சந்தனம் குழைத்தது நான்தான். பள்ளிப் பேருந்தின் முன்பக்கம், பம்பருக்கு முன்னால் உள்ள தரையைக் காட்டுவதற்கென்றே ஒரு வட்டக் கண்ணாடி நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நடுவில் கட்டைவிரலை அழுத்தி அகலமாகச் சந்தனம் வைத்து, மேலே குங்குமமும் வைத்தேன். மற்ற வண்டிகளில் ஒப்புக்கு ஒரு தீற்றல் தீற்றிவிட்டுப் போனார்கள். எனக்கு அப்படி மனசு வராது. எதையும் ஒரு கை கூடுதலாகச் செய்துதான் பழக்கம். அந்தப் பழக்கத்தில் நெருப்பை வைக்க!

அந்த வண்டியில் நான் ஆயா. பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலைக்கு இங்கே அதுதான் பெயர். எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. டிரைவர் அண்ணன் மட்டும் என்னை ‘ம்மா’ போட்டுப் பேசுவார். காடாம்புலியூர்க்காரர், இருபது வருடத்துக்கு மேல் ஓட்டியும் ஒரு நாய்க்குட்டியைக்கூட இடித்ததில்லை. என் வீட்டுக்காரர் சுரங்கத்தில் கான்ட்ராக்ட். எப்போது பர்மனன்ட் என்று கேட்பதையே விட்டுவிட்டோம். என்னிடம் கார் லைசென்ஸ் இருந்தது. ஹெவி லைசென்ஸ் எடுத்தால் டிரைவர் வேலை தருவதாகப் பள்ளியில் சொல்லியிருந்தார்கள். அப்போது எனக்கு அது ஒன்றுதான் வெறி. காலை ட்ரிப் முடிந்து வண்டி மரநிழலில் நிற்கும்போது கேள்விப் புத்தகத்தை விரித்து உரக்கப் படிப்பேன். “வண்டியை எடுக்கும் முன் என்ன செய்ய வேண்டும்? கண்ணாடியைப் பார்க்க வேண்டும்.” அண்ணன் சீட்டில் சாய்ந்துகொண்டே சிரிப்பார். “மூஞ்சி பாக்கறதுக்கு இல்லம்மா, முன்னாடி புள்ளைங்க நிக்குதான்னு பாக்கறதுக்கு.”

தினமும் காலையில் ஈரத்துணியால் எல்லாக் கண்ணாடிகளையும் துடைத்த பிறகுதான் அவர் சாவியைத் தொடுவார். பூஜையில் வைத்த பொட்டைத் துடைக்கக் கூடாது, தானாக உதிர வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். விடுமுறை முடிந்து வண்டி எடுத்த அன்று, “என் பொட்ட மட்டும் தொடச்சிடாதீங்கண்ணா, அடுத்த வாரம் எனக்கு டெஸ்ட்டு” என்று நானே கேட்டுக்கொண்டேன். அவர் மற்றக் கண்ணாடிகளை மட்டும் துடைத்துவிட்டுச் சாவியை எடுத்தார்.

அன்று மாலை குவார்ட்டர்ஸ் தெருவில், விஜயதசமிக்கு எல்.கே.ஜி.யில் சேர்ந்த ஒரு பெண் குழந்தையை இறக்கி அதன் அம்மா கையில் ஒப்படைத்தேன். ஏறிக் கதவைச் சாத்தி, “போலாங்கண்ணா” என்றேன். அண்ணன் கண்ணாடியைப் பார்த்தார். சத்தியமாகப் பார்த்தார், என் கண்ணால் கண்டேன். வண்டி நகர்ந்தது. வெளியே அந்த அம்மா போட்ட அலறல் இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை. அண்ணன் பிரேக்கை மிதித்த வேகத்தில் நான் கம்பியில் மோதி விழுந்தேன். எழுந்து ஓடிப்போய்ப் பார்த்தால், ஐயோ, பம்பருக்கும் குழந்தையின் தலைக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. தண்ணீர் பாட்டிலின் மூடி உருண்டுபோயிருக்கிறது. அம்மாவின் கையை உதறிவிட்டு அதை எடுக்கக் குனிந்திருக்கிறது. நிமிர்ந்து என்னைப் பார்த்து, “மூடி கெடச்சிடுச்சு” என்றது. அப்படியே தார் ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்த இடத்திலிருந்து மேலே பார்த்தேன். வட்டக் கண்ணாடியில், அந்தக் குழந்தை தெரிந்திருக்க வேண்டிய இடம் முழுக்க என் சந்தனம் இருந்தது.

“கண்ணு என்ன பொட்டையா? புள்ள நிக்கிறது தெரியல?” என்று அந்த அம்மா கத்தினாள். அண்ணன் கைகூப்பியபடி நின்றார். மறுநாள் பள்ளி அலுவலகத்தில் கேட்டார்கள். “கவனிக்காம எடுத்துட்டன் சார். என் தப்புதான்” என்று எழுதிக் கொடுத்தார். பக்கத்தில்தான் நின்றேன். பொட்டு வைத்தது நான், போகலாம் என்று சொன்னதும் நான் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்? என் பெயர் வந்தால் இந்த ஜென்மத்தில் வண்டி தரமாட்டார்கள் என்று மனசு கணக்குப் போட்டது. வாயைத் திறக்கவில்லை. அன்றே அவரை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள்.

டெஸ்ட் அன்று பிரேக் இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்ட முதல் கேள்வி, வண்டி எடுக்கும் முன் என்ன செய்வீர்கள் என்பதுதான். கண்ணாடியைப் பார்ப்பேன், அதற்கு முன் கண்ணாடியில் மறைப்பு ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பேன் என்றேன். “பரவாயில்லையே, இத யாரும் சொல்ல மாட்டாங்கம்மா” என்று பாராட்டினார். பாஸ். அதே வண்டியைத் தந்தார்கள். வெட்கங்கெட்டு வாங்கிக்கொண்டேன்.

நான்கு வருடம் கழித்துப் போன மாதம்தான் அவரைப் பார்க்கப் போகும் துணிச்சல் வந்தது. முந்திரிக் கொட்டை உடைக்கிற ஒரு ஷெட்டில் வாட்ச்மேனாக இருந்தார். “நல்லாக்கிறியாம்மா?” என்று ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். உட்காராமல், நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். அந்தப் பொட்டுதான் மறைத்தது, என்னால்தான், தெரிந்தே வாயை மூடிக்கொண்டு நின்றேன் என்று.

“அது அன்னிக்கே எனக்குத் தெரியும்” என்றார் அவர். “காலைல துணிய வெச்சிக்கினு அதும் முன்னாடி நின்னன்மா. மறைக்கும்னு நல்லாவே தெரிஞ்சிச்சு. ஆசையா வெச்சிருக்க, டெஸ்ட்டு வேற, ஒரு நாள்தானன்னு வுட்டுட்டன். உன் மனசு நோகக் கூடாதுன்னு நெனச்சேன் பாரு, ஒரு புள்ள உயிரப் பணயமா வெச்சி நெனச்சிருக்கேன்.”

பொட்டு மறைக்கும் என்பது அவருக்குத் தெரியாது என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

ஸ்டூலை மறுபடியும் என் பக்கம் நகர்த்திவிட்டுக் கேட்டார், “அந்தப் பொண்ணு எப்டிக்கீது?”

“மூணாங்கிளாஸ்ணா. என் வண்டியிலதான் வருது. எனக்குப் பின்னாடி சீட்டு. வாய் ஓயாது.”

“அன்னிக்கு நடந்ததப் பத்தி எதுனா கேக்குமா?”

“அதுக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லண்ணா. பஸ்ஸுன்னா அவ்ளோ இஷ்டம் அதுக்கு.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, பக்கத்தில் கொட்டை உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கும்படி, வாய்விட்டு அழுதார்.