மெதுவாக ஏறும் சார்ஜ்

அஸ்தினாபுரம் மைதானத்தில் ஞாயிறு காலைகளில் நாங்கள் ரிமோட் கார் ஓட்டுவோம். அங்கே ஓர் அக்கா வருவார். நரைத்த கொண்டை, தோள்பையில் பேட்டரி சோதிக்கும் ஒரு மீட்டர், ஒரு சார்ஜர். எங்கள் பழைய பேட்டரிகளைத் தொட்டுப் பார்த்து, சோதித்து, சோர்ந்துபோனவற்றுக்கு மெதுவாகச் சார்ஜ் ஏற்றித் தருவார். அவர் கார் ஓட்டி நான் பார்த்ததில்லை.

"நீங்களும் ஓட்டுங்கக்கா," என்றேன் ஒருநாள்.

"நல்லாவே ஓட்டுவேன்ப்பா. ஆனா கார் ஓடும்போது யாரும் பேசமாட்டேங்கிறீங்க. சார்ஜ் ஏறும்போதுதான் பக்கத்துல வந்து உட்கார்றீங்க."

அன்று என் பேட்டரி நிறைந்த பிறகும் நான் எழுந்திருக்கவில்லை.

இப்போது எல்லோரிடமும் சீக்கிரம் ஏறும் புது பேட்டரிகள். அக்கா வருவதில்லை. போய்ப் பார்க்கலாமென்றால், அவர் வீடு எங்கே என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால், அத்தனை நாளும் பேசியதெல்லாம் நாங்கள்தான்.