நாற்பத்தோரு இடங்களில் சில நபர்கள்

அயலுறவுத் துறையின் இரண்டாவது மாடியில், லிஃப்டுக்கும் கழிவறைக்கும் நடுவில், மொழிபெயர்ப்புப் பிரிவு இருக்கிறது. பிரிவு என்றதும் பத்துப் பேரைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். மூன்று மேசைகள். ஒன்றின் மேல் ஓடாத மின்விசிறி, இன்னொன்றின் மேல் பழைய கோப்புகள், மூன்றாவதில் அகராதி. புத்தகம் அல்ல, ஆள். வயது நாற்பத்தாறு. யார் பேசினாலும் பாதியில் நிறுத்தித் திருத்துகிற பெண்மணி. “அகராதி புடிச்சவ” என்று ஒரு கணக்கர் எப்போதோ திட்டியது பட்டப்பெயராகிவிட்டது. வேலைக்கும் பொருந்தியது, வாய்க்கும் பொருந்தியது. அவளும் அதற்கே திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

அரசு வெளிநாட்டில் எதில் கையெழுத்துப் போட்டாலும் அதை நாட்டு மொழியில் எழுதி, பக்கத்துக்குப் பக்கம் கையொப்பமிட்டு, கடைசியில் ‘மூலத்துக்கு உண்மையானது’ என்ற முத்திரையைக் குத்துவது அவள் உத்தியோகம். அந்த முத்திரை விழாத தாளைச் சபையும் தொடாது, தீர்ப்பாயமும் தொடாது. பத்தொன்பது வருடமாக மீன்பிடி எல்லை, தபால் ஒப்பந்தம், ஒருமுறை இரண்டு ஒட்டகச்சிவிங்கிகளின் இடமாற்றம் என்று அவள் குத்தாத குத்து இல்லை.

ஒரு திங்கட்கிழமை, கடல் கடந்த நகரம் ஒன்றில், எழுபத்திரண்டு நாடுகளோடு சேர்ந்து நம் பிரதிநிதியும் ஒரு பிரகடனத்தில் கையெழுத்திட்டார். ஆணை விரும்பும் ஆணையும் பெண்ணை விரும்பும் பெண்ணையும் அந்தக் காரணத்துக்காக அடிக்கக் கூடாது, சிறையில் போடக் கூடாது, வேலையை விட்டு நீக்கக் கூடாது. விஷயம் அவ்வளவுதான். இதைச் சொல்லப் பதினான்கு பக்கம் தேவைப்பட்டது என்பதிலேயே மனித குலத்தின் லட்சணம் தெரிந்துவிடும். நம் அரசுக்கு அந்தப் பதினான்கு பக்கத்தின் மேல் காதல் ஒன்றும் கிடையாது. அடுத்த வருடம் ஏதோ ஒரு உலகக் குழுவில் நாற்காலி வேண்டியிருந்தது, கையெழுத்திட்டவர்களுக்கு நாற்காலி என்றார்கள், இட்டார்கள். ஊரில் யாருக்கும் தெரியாது என்று நினைத்தார்கள். செவ்வாய்க்கிழமை காலைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அகராதியை அழைத்தவர் இணைச் செயலாளர். ஊழியர்கள் வைத்த பெயர் காற்புள்ளி. எந்த வாக்கியத்தையும் முடிக்க மாட்டார். முடித்தால் பொறுப்பு வந்து ஒட்டிக்கொள்ளும் என்ற பயம்.

“நாளைக்குச் சபையில வைக்கணும் மேடம், ஆனா இதுல ஒரு சொல்லு அடிக்கடி...”

“நாப்பத்தோரு இடத்துல வருது சார். எண்ணிட்டேன்.”

“அதுக்கு நம்ம மொழியில...”

“தன்பாலீர்ப்பாளர்.”

காற்புள்ளியின் முகம் பல் பிடுங்க உட்கார்ந்தவர் முகமாயிற்று. “ஈர்ப்பு கீர்ப்புன்னெல்லாம் சபையில வந்தா, மந்திரி வாசிக்கணும் பாருங்க, அவரு புவியீர்ப்புன்னு வாசிச்சு...”

“கீழ விழட்டும் சார். மூலத்துல அதுதானே இருக்கு?”

“மூலம் மூலம்னே நிக்காதீங்க மேடம், கொஞ்சம்...”

தேநீர் வைக்க வந்த கடைநிலை ஊழியர், ஓய்வுக்கு இரண்டு மாதமே பாக்கியுள்ள தைரியத்தில், “மூலம்னா சாருக்கு உக்காரவே முடியாது” என்று கோப்பையிடம் சொல்லிவிட்டுப் போனார்.

“‘சில நபர்கள்’னு போடுங்களேன்,” என்றார் காற்புள்ளி. “பொதுவா, கௌரவமா, யாரையும் உறுத்தாம...”

“தப்பு சார் அது.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “உங்களுக்கு ஏன் மேடம் இதுல இவ்வளவு அக்கறை, வீட்ல யாராவது அந்த மாதிரி...”

அகராதிக்கு ஒரு தம்பி இருந்தான். கணித ஆசிரியர். பதினோரு வருடமாகக் கண்ணாடிக்கடைக்காரர் ஒருவரோடு ஒரே வீட்டில் வாழ்கிறான். எட்டு மாதத்துக்கு முன்னால், இருவரும் ஒரு கடையில் நின்று ஜன்னல் திரைக்கு நிறம் தேர்ந்தெடுப்பதை மாணவன் ஒருவனின் தகப்பனார் பார்த்துவிட்டார். இரண்டு ஆண்கள் திருடினால்கூட மன்னிக்கலாம். இளம்பச்சையா, சாம்பலா என்று பேசிக்கொண்டதை எப்படி மன்னிப்பது? பள்ளி அவனை நீக்கியது. மேல்முறையீடு வருகிற வெள்ளிக்கிழமை. ‘அரசே கையெழுத்துப் போட்டிருக்கு, முத்திரையோட அந்தத் தாள் மட்டும் வரட்டும், வேலை திரும்பக் கிடைச்ச மாதிரிதான்’ என்று தம்பியின் வழக்கறிஞர் சொல்லியிருந்தார். அந்தச் சொல் தாளில் இருந்தால் தம்பிக்கு வேலை உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

இத்தனையும் தெரிந்த அகராதி, “அப்படியெல்லாம் யாரும் இல்ல சார்,” என்றாள்.

சொல்லிவிட்டுத் தன் மேசைக்கு வந்து நாற்பத்தோரு இடங்களிலும் ‘சில நபர்கள்’ என்று எழுதினாள். பதினான்கு பக்கத்திலும் கையொப்பமிட்டாள். முத்திரை குத்தினாள். பிறகு கழிவறைக்குப் போய்க் கையைக் கழுவினாள். சோப்பு தீர்ந்து போயிருந்தது. அந்தத் துறையில் அது எப்போதும் தீர்ந்துதான் இருக்கும்.

சாயங்காலம் தம்பி வீட்டுக்குப் போனாள். கண்ணாடிக்கடைக்காரர் கதவைத் திறந்து, “வாங்கக்கா” என்று செருப்பு வைக்க இடம் ஒதுக்கித் தந்தார். கூடத்தில் தொலைக்காட்சி கத்திக்கொண்டிருந்தது. ‘பிரகடனம்: பெருமையா, பேரழிவா?’ என்று தலைப்பு. நான்கு கட்டங்களில் நான்கு தலைகள். பண்பாட்டைக் காக்கும் ஒருவர் தொண்டை நரம்பு புடைக்க, படுக்கையறை விவரங்களையே பேசினார். அந்த விவரங்கள் அவருக்கு எப்படி அத்தனை துல்லியமாகத் தெரியும் என்று கேட்பார் இல்லை. முற்போக்கான அம்மையார் ஒருவர் பிரகடனத்தை முழுமனதோடு வரவேற்றார். ஆனால் தம் அடுக்குமாடியில் வாடகைக்கு விடுவது வேறு விஷயம் என்றார். ஆளுங்கட்சிக்காரர், கையெழுத்துப் போட்டோம், ஆனால் ஆதரிக்கவில்லை என்றார். எதிர்க்கட்சிக்காரர், ஆதரிக்கிறோம், ஆனால் கையெழுத்துப் போட்டிருக்கக் கூடாது என்றார். சம்பந்தப்பட்டவர்களில் ஒருவரைக்கூட ஏன் கூப்பிடவில்லை என்று நேயர் ஒருவர் கேட்டதற்கு, “அவங்களையே பேச விட்டா விவாதம் ஒருபக்கமா போயிடும்” என்று நெறியாளர் நடுநிலையோடு விளக்கினார்.

“அத அமுக்குடா,” என்றாள் அகராதி.

தம்பி அமுக்கினான். அவள் நடந்ததைச் சொன்னாள். ‘சில நபர்கள்’ வரைக்கும் சொல்லும்போது அவன் சிரித்தான். யாரும் இல்லை என்று சொன்னதைச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

“சரி விடுக்கா, உனக்கு ஒண்ணும் புதுசில்லையே.”

“என்னடா சொல்றே?”

“இவர அத்தைகிட்ட என்னன்னு சொன்னே? ரூம்மேட். மாமா வீட்டுக் கல்யாணத்துல? ரூம்மேட். எங்களுக்கு இருக்கறது ஒரே ரூம்னு உனக்குத் தெரியும். பதினோரு வருஷமா நீ எங்களத் தப்பாத்தான் மொழிபெயர்க்கறே.”

“அத்தை நம்பிட்டாங்களாக்கும்?” என்றார் கண்ணாடிக்கடைக்காரர், சூட்டைத் தணிக்க. “போன தடவ என்னப் பாத்து, ‘இன்னுமா தம்பி உங்களுக்குத் தனி ரூம் கிடைக்கல’ன்னு கேட்டாங்க. அவங்களுக்கு எல்லாம் தெரியும்கா. நீங்கதான் சிரமப்படறீங்க.”

அகராதி பாதித் தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

புதன்கிழமை சபையில் மந்திரி தடங்கலின்றி வாசித்தார். சில நபர்களைக் கைது செய்யக் கூடாது. சில நபர்களின் வீட்டில் நுழைந்து தேடக் கூடாது. சில நபர்களைப் பதவியிலிருந்து நீக்கக் கூடாது. வாசிக்க வாசிக்க எதிர்வரிசையில் கண்கள் பளபளத்தன.

“யாரய்யா அந்தச் சில நபர்கள்?” என்று ஒருவர் எழுந்தார். “உங்க மச்சினரா?”

அவ்வளவுதான். மந்திரியின் மச்சினர் பாலம் கட்டுகிறவர். அவர் கட்டிய பாலங்கள் அவரைவிட அடக்கமானவை, பார்த்தவுடன் தலை குனிந்துவிடும். மத்தியானத்துக்குள் நாடு முழுக்க ஒரே பேச்சு: அரசு வெளிநாட்டில் போய்த் திருடர்களுக்குப் பாதுகாப்பு வாங்கி வந்துவிட்டது. காலையில் பண்பாட்டைக் காக்க ஊர்வலம் போனவர்கள், சாயங்காலம் அதே அட்டைகளின் மறுபக்கத்தில் ‘கொள்ளையர்களைக் காக்காதே’ என்று எழுதிக்கொண்டு அதே தெருவில் வந்தார்கள். ஆத்திரம் ஒன்றுதான். அது யார் மேல் என்பது அட்டையை எப்படிப் பிடிப்பது என்பதைப் பொறுத்தது.

வியாழக்கிழமை காலை காற்புள்ளி தாமே மொழிபெயர்ப்புப் பிரிவுக்கு ஓடி வந்தார். உட்கார நாற்காலி இல்லாததால் கோப்புகளின் மேல் உட்கார்ந்தார்.

“மேடம், உடனே அந்தச் சொல்லப் போடுங்க, அந்த... ஈர்ப்பாளர்! நாப்பத்தோரு இடத்துலயும்! மூணு மணிக்குச் சபை, அது திருடங்க இல்ல, வெறும் அவங்கதான்னு தெளிவா...”

வெறும் அவங்கதான். ஒரு நல்ல காரியம் இத்தனை அசிங்கமான காரணத்துக்காக நடந்து அவள் பார்த்ததில்லை. சாக்கடையில் விழுந்த சாவியை எடுக்கிற மாதிரி, மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுத ஆரம்பித்தாள்.

“அப்புறம் இன்னொண்ணு,” என்று காற்புள்ளி குரலைத் தாழ்த்தினார். “‘உறுதியளிக்கிறோம்’னு வருதில்ல, அத ‘கேள்விப்பட்டோம்’னு...”

அகராதி பேனாவை மூடினாள். “கேள்விப்பட்டோமா?”

“நாலு பேர் சொன்னாங்க, காதுல விழுந்துச்சு, அந்த அளவுக்கு...”

“சார், எழுபத்திரண்டு நாடும் உறுதியளிக்குது, நாம மட்டும் ஜன்னலோரமா நின்னு ஒட்டுக்கேட்டோமா? உறுதியளிக்கிறோம்னு இருந்தா என் கையெழுத்து விழும். இல்லன்னா நீங்களே போட்டு நீங்களே குத்திக்குங்க.”

காற்புள்ளி கடிகாரத்தைப் பார்த்தார். தம் கையெழுத்து என்ற எண்ணத்திலேயே அவருக்கு வியர்த்தது. “போடுங்க,” என்றார். அவர் முடித்த முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை, தீர்ப்பாயம். பள்ளிக்கூடம் போலவே பெஞ்சு போட்ட அறை. தம்பி முன்வரிசையில், கண்ணாடிக்கடைக்காரர் உறவினர் அல்ல என்று கடைசி வரிசையில். அகராதி தம்பியின் பின்னால் உட்கார்ந்தாள். தம்பியின் வழக்கறிஞர் வியாழக்கிழமைத் தாளை நீட்டினார். பள்ளியின் வழக்கறிஞர் புன்னகையோடு புதன்கிழமைத் தாளை நீட்டினார்.

தலைவர் அம்மையார் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். “ரெண்டுலயும் ஒரே கையெழுத்து. ரெண்டுலயும் உண்மையானதுன்னு முத்திரை. இது எப்படி? போட்டவங்களக் கூப்பிட முடியுமா?”

“இங்கதாம்மா இருக்கேன்,” என்று அகராதி எழுந்தாள்.

“எது பொய்?”

வாயைத் திறந்தால் பத்தொன்பது வருட வேலை போகும், திறக்காவிட்டால் தம்பியின் வேலை. அவள் செவ்வாய்க்கிழமை கழுவிய கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

“புதன்கிழமைத் தாள்தான் பொய்மா.”

“தெரிஞ்சே போட்டீங்களா?”

“தெரிஞ்சேதான். இணைச் செயலாளர் போடச் சொன்னாரு. ஆனா கை என்னுது.”

பள்ளியின் வழக்கறிஞர் துள்ளி எழுந்தார். “மனுதாரருக்கு நீங்க என்ன உறவு?”

“அக்கா.”

“ஆங்! தம்பிக்காக வியாழக்கிழமை மாத்தி எழுதிட்டீங்க!”

“தம்பிக்காக எழுதறவளா இருந்தா செவ்வாய்க்கிழமையே ஒழுங்கா எழுதியிருப்பேனே சார். அன்னிக்குத்தான், அப்படி எனக்கு யாருமே இல்லன்னு சொல்லிட்டுப் போய்ப் பொய்யா எழுதினேன்.”

அறையில் யாரோ இருமினார்கள். தம்பி திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவன் கழுத்து சிவந்தது அவளுக்குத் தெரிந்தது.

தலைவர் அம்மையார் வியாழக்கிழமைத் தாளைப் பதிவில் ஏற்றார். மதியத்துக்கு முன் உத்தரவு வந்தது: ஆசிரியரை மறுபடி சேர்த்துக்கொள்ள வேண்டும். அவனை நீக்கிய தலைமையாசிரியர் பெஞ்சுகளைத் தாண்டி வந்து, “நான் அப்பவே வேணாம்னுதான் சொன்னேன் சார்” என்று இரண்டு கையையும் நீட்டினார். தம்பி அந்தக் கைகளை, மாணவன் தப்பாகப் போட்ட கணக்கைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, கடைசி வரிசைக்கு நடந்தான்.

அடுத்த புதன்கிழமை அகராதிக்குக் குற்றக் குறிப்பாணை வந்தது. சட்டப் பிரிவில் யாரோ வெளிநாட்டில் படித்த புத்திசாலி, வெளிநாட்டு மொழியிலேயே அதைத் தயாரித்திருந்தார். நாட்டு மொழியில் இருந்தால்தான் செல்லும். மொழிபெயர்க்க அந்தத் துறையில் ஒரே ஒரு ஆள்தான். ஆகவே அகராதி தன் மேல் சாட்டப்பட்ட குற்றத்தைத் தானே எழுத உட்கார்ந்தாள். எதையும் பூசி மெழுகவில்லை, ‘பொய்’ என்று வந்த இடத்தில் பொய் என்றே எழுதினாள்.

காற்புள்ளி வாசலில் நின்றார். இந்த முறை உள்ளே வரவில்லை.

“மேடம், ரெண்டாவது பக்கத்துல, ‘இணைச் செயலாளரின் உத்தரவின்படி’ன்னு அந்த முட்டாள் உங்க சாட்சியத்த அப்படியே எடுத்து... அத மட்டும் கொஞ்சம் பொதுவா...”

“மூலத்துல இருக்கு சார்,” என்று சொல்லிவிட்டு அகராதி மூன்றாவது பக்கத்துக்குப் போனாள்.