கரிக்குப் பயந்தவர்

"ஏறு. பேச்சையெல்லாம் அக்கரையில வெச்சுக்கோ."

முப்பத்தைந்தாம் வருஷத்து ஆவணிப் புதன்கிழமை ஒன்றில் மகள் சாந்தாமணி புருஷன் வீட்டுக்குப் புறப்பட்டுப் போனாள். அன்றிலிருந்து படகோட்டி திருமூர்த்தி இப்படித்தான் பேசுகிறார். பவானியாற்றுத் துறையில் விடைபெறுவது லேசில் முடிகிற காரியமில்லை. "வாரனுங்க." "வாங்க." "அப்ப வரட்டுங்களா?" "மகராசியாப் போயிட்டு வாங்க." ஒரு கால் படகிலும் ஒரு கால் கரையிலுமாக, பேச்சு ஆட்டுக்குட்டி விலை வரைக்கும் போகும். அதெல்லாம் முடியும்வரை திருமூர்த்தி மோட்டாரைத் தொடமாட்டார். எல்லோரும் உட்கார்ந்த பிறகுதான் கயிற்றைச் சுற்றி இழுப்பார். பிடித்துக்கொண்டதும் ஒரே வேகம். அதன் பிறகு எவர் "ஏனுங்க, இருங்க" என்று ஓடிவந்தாலும் திரும்பிப் பார்ப்பதில்லை.

கொங்கு நாட்டில் வசவுக்குக்கூட ஒரு 'ங்க' சேர்த்துத்தான் வைவார்கள். அங்கே நிலபுலன் உள்ள பெரியவர்களையே "உட்காரு" என்கிறார் இவர். "மூர்த்தி 'ங்க'வை ஆத்துல உட்டுப்போட்டான்" என்று சந்தைக்காரர்கள் கேலி செய்வது அவர் காதில் விழும். அந்தக் காது வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

ஆள் ஒல்லி. நகக்கண்களில் கரி, குடுமியில் பெட்ரோல் வாசனை. படகின் பின்பலகையில் மாட்டியிருக்கும் மோட்டார், வால்பாறைத் தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குக் கிளம்பும்போது விற்றது. துறைக் குத்தகைக்காரர் சுந்தரராஜுலு நாயுடு அதை வாங்கிக் கொடுத்தார். பெட்ரோலையும் எண்ணெயையும் கலந்து குடிக்கிற யந்திரம். எண்ணெய் கூடிப்போனாலோ, நின்ற இடத்தில் மெதுவாக ஓடவிட்டாலோ உள்ளே கரி படியும். கரி பிளக்கின் முனையை மூடினால் பொறி வராது. பொறி வராவிட்டால் நடு ஆற்றில் மோட்டார் நிற்கும். துறைக்குக் கீழே, கூப்பிடு தூரத்தில் அணைக்கட்டு. வெள்ளக் காலத்தில் தண்ணீர் அதைத் தாண்டிப் பாறைகளில் விழுகிற இரைச்சல் துறைவரை கேட்கும்.

அந்தப் புதன்கிழமை கல்யாண கோஷ்டி படகில் ஏறியாயிற்று; மோட்டாரும் ஓடத் தொடங்கிற்று. ஆனால் கரையில் அழுகை ஓயவில்லை. அத்தைமார் ஒவ்வொருவராகக் குனிந்து பெண்ணைக் கட்டிக்கொண்டார்கள். மோட்டார் மெல்லப் புகைந்தபடி இருந்தது. நிறுத்திவிடலாம் என்று திருமூர்த்தி கையை நீட்டினார். மனைவி சென்னியம்மாள் தடுத்தாள்.

"பொண்ணு பொறப்படற நேரத்துல நிறுத்திப்போடாதீங்க. ஓடறது நிக்கறது நல்ல சகுனமுங்களா?"

அவருக்கும் அது சரியென்றே பட்டது. போதாததற்கு, நல்ல நாளாச்சே என்று, வண்டி அச்சுக்கு மசகு போடுவதைப்போல எண்ணெயையும் அன்று தாராளமாக ஊற்றியிருந்தார்.

நடு ஆற்றில் மோட்டார் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. துடுப்புப் போட்டும் படகு கேட்கவில்லை. பக்கவாட்டில் திரும்பி, அணையை நோக்கிப் போயிற்று. மாப்பிள்ளையின் சிற்றப்பா அக்கரையோரம் தண்ணீரில் சாய்ந்திருந்த மரக்கிளை ஒன்றை எட்டிப் பிடித்துத் தொங்கினார். படகு சரிந்து நின்றது. உயிர்கள் தப்பின, சீர்ப் பாத்திரங்கள் அணையைத் தாண்டிப் போயின. அக்கரையில் இறங்கிய சம்பந்தியம்மாள் சேலையைப் பிழிந்துகொண்டே சொன்னார்:

"இனி எங்கூட்டுப் பொண்ணு இந்த ஆத்தத் தாண்டாதுங்க."

தீபாவளிக்குச் சாந்தாமணி வரவில்லை. பொங்கலுக்கும் வரவில்லை. தூரத்திலிருக்கும் பாலம் சுற்றி மாட்டுவண்டியிலாவது அனுப்பக் கூடாதா என்று கேட்டால், "பாக்கலாமுங்க" என்று பதில் வரும். இந்தப் பக்கத்தில் 'பாக்கலாமுங்க' என்றால் என்ன பொருள் என்பது எல்லோருக்கும் தெரியும். திருமூர்த்தி நேரில் போனால் காப்பி கொடுப்பார்கள். மகள் கதவோரம் நின்று இரண்டு வார்த்தை பேசுவாள். அவ்வளவுதான்.

அன்று முதல் அவருக்குக் கரிதான் எமன். எண்ணெயை ஆழாக்கில் அளந்து, பெட்ரோலோடு குலுக்கிக் குலுக்கிக் கலக்குகிறார். கடைசி நடை முடிந்ததும் பிளக்கைக் கழற்றித் துடைத்து வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்க்கிறார். சந்தையில்லாத நாளில் மோட்டாரைப் பிரித்து, உள்ளே படிந்ததை மூங்கில் சிம்பால் சுரண்டுகிறார். இரும்பு பட்டால் கீறிவிடுமாம். சுத்தமாகிவிட்டது என்று வாயால் சொன்னதேயில்லை. "இன்னிக்கு இல்ல" என்பார், அவ்வளவுதான்.

படகு ஓடும்போது யாரோடும் பேசமாட்டார். கரை தட்டும்வரை வாயிலிருக்கும் வெற்றிலையை மெல்லாமல் ஒதுக்கி வைத்திருப்பார். வீட்டில் சாப்பிடும்போது ஆட்டுக்கல் சத்தம் சட்டென்று நின்றால் போதும். சோற்றுக் கையோடு எழுந்துவிடுவார்.

"மாவு அரைஞ்சு போச்சுங்க. நாந்தான் நிறுத்துனேன், உக்காருங்க" என்பாள் சென்னியம்மாள்.

மூன்றாம் வருஷத்து ஆவணியும் வந்தது. ஆறு செந்நிறமாக, கரை முட்டப் போய்க்கொண்டிருந்தது. அக்கரைத் துறையில் வளையல்காரி உம்மல் குல்சும் காலிப் பெட்டியோடு தனியாக ஏறினாள். அவர் கயிற்றைக் கையில் எடுத்ததும், "இருங்கண்ணா, ஒரு சேதி" என்றாள்.

"நம்ம கரைக்குப் போயிச் சொல்லு."

"மோட்டார் போடற சத்தத்துல சொல்ற சேதியில்லீங்க. நேத்து உங்க பொண்ணுக்கு நாந்தான் வளையல் அடுக்குனேன். ஏழு மாசம்."

கயிறு கையிலேயே இருந்தது.

"தலப்பிரசவம் எங்காத்தா ஊட்டுலதான்னு ஒத்தக் கால்ல நின்னு சாதிச்சுப்போட்டுதுங்க. மாமியாளும் சரின்னுட்டாங்க."

"பாலம் சுத்தி, வண்டியிலதான?"

"அத்தன தூரம் வண்டி தூக்கித் தூக்கிப் போடும், ஆகாதுன்னு வைத்தியர் சொல்லிப்போட்டாராம். 'எங்கப்பாவையே வரச் சொல்லுங்கக்கா. திங்கக்கெழம நான் மோட்டார் படகுலயே வாரேன்'னு சொல்லுச்சுங்க."

அணையின் இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. திருமூர்த்தி தோளிலிருந்த துண்டை எடுத்தார். நாலாக மடித்துப் படகின் நடுப்பலகையில் வைத்து, உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். பிறகு அதை எடுத்து, எட்டாக மடித்து வைத்து, மறுபடியும் அழுத்தினார்.