கும்பிடாமல் தொடங்கிய லேத்

கிளேட்டனுக்குப் பக்கத்தில் இருந்த அந்த அரசாங்கத் தொழில்நுட்பக் கல்லூரி யாரையும் வேண்டாமென்று சொல்லாது. அதற்கு நானே சாட்சி. ஒரு கட்டடத்தில் முடிவெட்டப் படிப்பித்தார்கள், இன்னொன்றில் கேக் செய்ய, மூன்றாவதில் கிரேக்க அம்மாக்களுக்கு ஆங்கிலம். நான் சேர்ந்தது தகரக் கூரை போட்ட, இரும்பைச் சுழற்றிக் கடையும் லேத் பட்டறையில். நான் தாவரவியல் பட்டதாரி. அதுவரை கையால் திருகிய ஒரே இரும்பு தண்ணீர்க் குழாய்தான். எழுபதுகளில் மெல்பேர்னில் தாவரவியலுக்கு இருந்த மதிப்பைப் பற்றி இதற்குமேல் சொல்லத் தேவையில்லை.

வகுப்பில் இன்னொரு தமிழரும் இருந்தார். நாற்பது தாண்டிய யாழ்ப்பாணத்தார். ஊரில் சீமெந்துத் தொழிற்சாலையில் பதினைந்து வருடம் லேத்தில் நின்றவர். இங்கே, நான் பெட்டி கட்டிய அதே கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில், நிலம் கூட்டினார். கல்லூரிச் சான்றிதழ் இருந்தால் லேத், இல்லாவிட்டால் விளக்குமாறு என்று போர்மன் சொல்லிவிட்டான். சிக்கல் என்னவென்றால், லேத்தில்தான் நிற்கிறேன் என்று ஊரிலிருக்கும் மனைவிக்கு இவர் ஏற்கெனவே எழுதிவிட்டார்.

"எழுதின பொய்யை மெய்யாக்கத்தான் தம்பி படிக்க வந்தனான்" என்பார்.

இரும்பைப் பிடித்துச் சுழலும் லேத்தின் தலையை இறுக்க, அதில் செருகும் ஓர் இரும்புச் சாவி உண்டு. இறுக்கியதும் அதைக் கழற்றிவிட வேண்டும். மறந்துபோய் ஸ்விட்சைப் போட்டால் சாவி துப்பாக்கிக் குண்டாகப் பறக்கும். சோதனையில் மறந்தால் அந்த இடத்திலேயே பெயில். பயிற்சியில் நான் நான்கு தரம் மறந்தேன். சுவரில் நான் போட்ட பள்ளத்தைச் சுற்றி யாரோ சோக்கால் வட்டம் கீறி என் பெயரையும் எழுதியிருந்தார்கள். யாழ்ப்பாணத்தார் ஒருநாளும் மறந்ததில்லை.

அவருக்கொரு பழக்கம். ஸ்விட்சைப் போடுமுன் இரண்டு உள்ளங்கைகளாலும் லேத்தின் தலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். பக்கத்து லேத் இத்தாலியன் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டுதான் தொடங்குவான். அதை ஒருவரும் கவனிப்பதில்லை. இவரைப் பார்க்கப் பட்டறையே வேலையை நிறுத்தும்.

"என்ன மேட், உன்ர ஆள் மெஷினைக் கலியாணம் கட்டப்போறானோ?" என்று கன்ரீனில் ஒருவன் என்னைக் கேட்டான்.

என் ஆளாம்! அவரைத் தெரியாது என்று சொல்லியிருந்தால்கூட எனக்கு மன்னிப்புண்டு. நானோ எழுந்து, சோஸ் ஊற்றிய ‘மீட் பை’ என்ற இறைச்சிப் பணியாரத்தை இரண்டு கைகளாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக் காட்டினேன். சோஸ் உண்மையிலேயே கண்ணுக்குள் போய் நான் அலற, மேசை குலுங்கச் சிரித்தார்கள். ஆறு மாதத்தில் முதல் தடவையாக நான் உட்கார ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்கள். அந்தக் கதிரைக்காகத் தினமும் கும்பிட்டேன். தேநீர்க் கோப்பையை, குப்பைத் தொட்டியை, ஒருநாள் போதனாசிரியரின் மொட்டைத் தலையைத் தூரத்திலிருந்து.

ஒரு மதியம் கும்பிட்டு முடித்துத் திரும்பினால், யாழ்ப்பாணத்தார் சாப்பாட்டுத் தட்டோடு பின்னால் நின்றார்.

"நல்லாத்தான் செய்யிறீர்" என்றார். "இடது கை மட்டும் கொஞ்சம் மேல வரவேணும்."

வெட்கம் வந்தால் மன்னிப்புக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். நான் ஆலோசனை சொல்பவன். சோதனையன்று காலை அவரைப் பிடித்தேன்.

"அண்ணை, இண்டைக்கு அந்தக் கும்பிடு வேண்டாம். மார்க் குறைப்பாங்கள்."

"மெய்யாவோ?"

"ஓம்."

அப்படி யாரும் சொல்லவில்லை. பட்டறையில் மறுபடியும் சிரித்தால் நானும் சேர்ந்து சிரிக்க வேண்டிவரும். அது வேண்டாமென்று பார்த்தேன், அவ்வளவுதான்.

"நீர் படிச்ச ஆள், தெரியும்" என்று தலையாட்டினார்.

அவர் முறை வந்தது. இரும்பைப் பொருத்தி இறுக்கினார். கைகள் தாமாக மேலே எழுந்தன. பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தார். வேண்டாமென்று கண்ணைக் காட்டினேன். கைகளை இறக்கி ஸ்விட்சைப் போட்டார்.

சாவி போதனாசிரியரின் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவர்க் கடிகாரத்தை உடைத்தது. பட்டறை கைதட்டியது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. சாவி நீட்டிக்கொண்டு நிற்கும் தலையை இரண்டு உள்ளங்கைகளாலும் தொட முடியாது. பதினைந்து வருடமும் கும்பிடுவதற்காகவே அவர் சாவியைக் கழற்றியிருக்கிறார்.

"முடிஞ்சுது மேட்" என்றார் போதனாசிரியர்.

நான் அன்று மட்டும் சாவியைக் கழற்றியிருந்தேன்; கடைந்த ஆணிதான் பூசணிக்காய் மாதிரி இருந்தது. பாஸ்.

பஸ் தரிப்பில் அவர் கேட்டார்: "தொட்டுக் கும்பிட்டிருந்தால் எத்தினை மார்க் குறைச்சிருப்பான், தம்பி?"

"முழுக்க" என்றேன்.

"அப்ப எப்பிடியும் பெயில்தான்." அவருடைய முகம் லேசானது. "உம்மில பிழையில்லை."

அடுத்த திங்கட்கிழமை தொழிற்சாலையில் எனக்கு லேத் தந்தார்கள். முதல் இரும்பை இறுக்கிவிட்டு, பெரிய மனிதனாட்டம் ஸ்விட்சில் கை வைத்தேன். பக்கத்தில் கூட்டிக்கொண்டிருந்தவர் விளக்குமாற்றை நிறுத்தினார்.

"சாவியை எடுத்தனீரோ, தம்பி?"

எடுத்திருக்கவில்லை.